திருப்பூர் வட்டாரத்தில் இனிப்புக் குளிர்காப்பி: வீட்டுக்கு வந்த வரலாறு

காப்பி டிக்காஷனையோ உடனடிக் காப்பித் தூளையோ குளிர்ந்த பால், சர்க்கரை, பனிக்கட்டி ஆகியவற்றுடன் கலந்து செய்யும் பானம் குளிர்காப்பி எனப்படும். பேச்சு வழக்கில் இதைக் கோல்டு காபி என்றும் ஐஸ் காபி என்றும் சொல்வர். இதனுடன் ஐஸ்கிரீம், பால்கோவா, பாயசம், சாக்லேட், கருப்பட்டிப் பாகு போன்றவை சேரும்போது அது தாகத்துக்குக் குடிக்கும் பானமாக இல்லாமல், சாப்பாட்டுக்குப் பின் உண்ணும் இனிப்பாகவே ஆகிவிடுகிறது. திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், உடுமலைப்பேட்டை முதலிய ஊர்களில் பேக்கரிகளிலும் ஐஸ்கிரீம் கடைகளிலும் கிடைக்கும் இந்தப் பானம், இப்போது பனியன் கம்பெனித் தொழிலாளர் வீடுகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யப்படுகிறது.

இது சமூக ஊடகங்கள் கொண்டுவந்த புதிய மோகம் என்று பலரும் எண்ணுகின்றனர். அது ஓரளவே உண்மை. ஒரு குவளைக் குளிர்காப்பிக்குக் காப்பி, பால், பனிக்கட்டி, அடித்துக் கலக்கும் கருவி என நான்கு பொருள்கள் தேவை. இந்த நான்கும் முதலில் வசதி படைத்தோரிடம் இருந்து, வெவ்வேறு காலங்களில் எளிய வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை. அந்த வரிசையை அறிந்தால் இப்பானத்தின் வரலாறு விளங்கும். எந்தப் பொருள் எப்போது யாருக்குக் கிடைத்தது என்ற சமூக வரலாறும் அதனுடன் சேர்ந்தே விளங்கும்.

மலையில் விளைந்தது, சமவெளியில் இல்லை

காப்பி அரபு நாட்டிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பாபா புதன் என்னும் சூஃபித் துறவி ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து, இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் மலைப்பகுதியில் நட்டார் என்பது மரபுவழிச் செய்தி. தமிழ்நாட்டில் 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். பின்னர் நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகிய இடங்களிலும் தோட்டங்கள் தோன்றின.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். திருப்பூரின் வடமேற்கில் நீலகிரி, தெற்கில் ஆனைமலை, தென்கிழக்கில் பழனி மலை, வடகிழக்கில் சேர்வராயன் மலை. நான்கு பக்கமும் காப்பி விளைந்தும் நடுவில் இருந்த சமவெளி நெடுங்காலம் காப்பி குடிக்கவில்லை. உழவர் வீடுகளில் காலையில் கம்மங்கூழும் ராகிக் களியும் நீராகாரமும் மோரும்தான் இருந்தன. விளைந்த காப்பி கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றது.

காப்பியைத் தமிழர் குடிப்பதற்கு முன்பே, தமிழ்த் தொழிலாளர்கள் அதற்காக உழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்றனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் இலங்கையில் காப்பி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் காப்பி பரவியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்கிறது. காப்பி நடுத்தர வர்க்கத்தின் பெருமைக்குரிய பானமாகவும், தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் பிரிந்து நின்றதை அந்நூல் எடுத்துக்காட்டுகிறது. இப்பிரிவினையைத் திருப்பூரில் இன்றும் காணலாம். பனியன் கம்பெனிகளில் முற்பகலிலும் பிற்பகலிலும் கேனில் வருவது பெரும்பாலும் டீதான். காப்பி வீட்டுக்கும் விருந்தாளிக்கும் உரியது.

பனிக்கட்டி கடல் கடந்து வந்தது

வெப்ப நாட்டில் பனிக்கட்டி அரிய பொருள். அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை வெட்டியெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி விற்றார். 1833இல் அவருடைய முதல் சரக்கு கல்கத்தாவை அடைந்தது. சென்னையில் 1842இல் கடற்கரையை ஒட்டி ஒரு பனிக்கட்டிக் கிடங்கு கட்டப்பட்டது. ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைத்த அந்தக் கட்டடமே, 1897இல் விவேகானந்தர் தங்கிய இடம். இன்று அது விவேகானந்தர் இல்லம் என வழங்குகிறது.

அந்தப் பனிக்கட்டி ஆங்கிலேய அதிகாரிகளுக்கும் செல்வந்தர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போனது. 1870களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும் கப்பல் வாணிகம் நின்றது. எனினும் இயந்திரத்துக்கு எரிபொருளோ மின்சாரமோ வேண்டும். 1930களில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. கோயம்புத்தூர் வட்டாரத்தில் பஞ்சாலைகள் பெருகவும், திருப்பூரில் 1920களில் தொடங்கிய பின்னலாடைத் தொழில் விரியவும் அந்த மின்சாரம் துணையாயிற்று. பின்னல் இயந்திரத்தை ஓட்டிய அதே மின்சாரம்தான் பனிக்கட்டியையும் உள்ளூரில் செய்ய வழி வகுத்தது.

சிறுவர்களுக்குப் பனிக்கட்டியை அறிமுகம் செய்தவை ஐஸ் வண்டிகள். குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ் என்ற மூன்றையும் அறியாத பள்ளி வாசல் இல்லை. இவற்றுள் சேமியா ஐஸ் கவனிக்கத்தக்கது. வீட்டில் விசேட நாளில் சூடாகச் செய்யும் சேமியா பாயசத்தைக் குச்சியில் உறைய வைத்தால் அதுதான். இனிப்புப் பண்டத்தைக் குளிர்பொருளாக மாற்றும் எண்ணம் வெளிநாட்டுக் காப்பிக் கடைகள் இங்கு வருவதற்கு முன்பே நம் தெருவில் இருந்தது என்பதற்கு இது சான்று. மதுரையின் ஜிகர்தண்டாவும் அவ்வகையே. பால், பாசந்தி, நன்னாரி சர்பத், பாதாம் பிசின், ஐஸ்கிரீம் ஆகியவை ஒரே குவளையில் சேரும் அந்தப் பானத்தைக் குடிப்பது பாதி, கரண்டியால் உண்பது பாதி.

எந்தக் குவளையில், யாருடன்

காப்பி பொது இடத்துக்கு வந்தபோது சாதியும் கூடவே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் தமிழக நகரங்களின் காப்பி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்க்குத் தனி இடம் இருந்தது. பெயர்ப் பலகைகளில் ‘பிராமணாள்’ என்ற சொல் இடம்பெற்றது. அச்சொல்லை நீக்கக் கோரி 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த முரளி கஃபே முன்பு பெரியார் தலைமையிலான திராவிடர் கழகம் தொடர் மறியல் நடத்தியது.

சிற்றூர்களில் நிலைமை இன்னும் கடுமையானது. தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. ஆயினும் தமிழகத்தின் பல பகுதிகளைப் போலவே கொங்குப் பகுதியிலும் சில தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை நெடுங்காலம் நீடித்தது. தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் குவளை அல்லது சிரட்டை. குடித்தபின் அவர்களே கழுவி வைக்க வேண்டும். இதை எதிர்த்த போராட்டங்கள் அண்மைக் காலம் வரை நடந்துள்ளன.

குளிர்பானத்தின் வரலாற்றில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். ‘வெளியே போய் ஒரு காப்பி குடிப்பது’ என்பது எல்லோருக்கும் ஒரே பொருள் தந்ததில்லை என்பதே விடை. கடையில் தனிக் குவளை நீட்டப்பட்டவருக்கு, தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த கண்ணாடிக் குவளையில் விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கும் காப்பி வெறும் பானம் அன்று. பிழைப்புத் தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் திருப்பூருக்கு வந்த குடும்பங்களில் இந்த நினைவு உள்ளவர்கள் உண்டு.

காப்பியைப் பொதுவான பானமாக்கியதில் இந்தியன் காப்பி ஹவுஸ்களுக்கும் பங்கு உண்டு. 1936இல் பம்பாயில் தொடங்கிய இவை பின்னர்க் காப்பி வாரியத்தின் கீழ் நடந்தன. 1950களில் பல கிளைகள் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ. கே. கோபாலன் போன்ற தலைவர்களின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாமே ஏற்று நடத்தினர். இந்தியாவில் பலர் ஐஸ்கிரீம் மிதக்கும் குளிர்காப்பியை முதன்முதலில் சுவைத்தது இத்தகைய காப்பி ஹவுஸ்களில்தான்.

பிற நாடுகளில் குளிர்காப்பி

குளிர்காப்பியின் பழைய வடிவங்களுள் ஒன்று மசாக்ரான். 1840இல் அல்ஜீரியாவின் மசாக்ரான் கோட்டையில் போரிட்ட பிரெஞ்சுப் படைவீரர்கள் காப்பியுடன் குளிர்ந்த நீரைக் கலந்து குடித்ததாகவும், அதிலிருந்து இப்பெயர் வந்ததாகவும் கூறுவர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குளிர்ந்த காப்பியில் வெனிலா ஐஸ்கிரீமும் அடித்த கிரீமும் சேர்ப்பது வழக்கமாயிற்று. வியட்நாமில் கெட்டியான டிக்காஷனைக் கெட்டிப்பாலின் மேல் சொட்டவிட்டுப் பனிக்கட்டியில் ஊற்றினர். அமெரிக்கரான கெயில் போர்டன் 1856இல் காப்புரிமை பெற்ற கெட்டிப்பால் செய்முறை, பசும்பால் தட்டுப்பாடான நாடுகளில் இவ்வாறு பயன்பட்டது.

1938இல் சுவிட்சர்லாந்தில் நெஸ்கஃபே உடனடிக் காப்பி விற்பனைக்கு வந்தது. 1957இல் கிரேக்க நாட்டின் தெசலோனிகி வணிகக் கண்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஓர் ஊழியர் உடனடிக் காப்பியைக் குளிர்ந்த நீருடன் குலுக்கும் குவளையில் அடித்துப் பார்த்தார். நுரை பொங்கியது. அதுவே கிரேக்கத்தின் புகழ்பெற்ற ஃபிராப்பே ஆயிற்று. 1995இல் அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் ஃபிராப்புச்சினோ என்ற பெயரில் இனிப்பு மிகுந்த பனிக்கட்டிக் காப்பியைப் பரப்பியது. 1996இல் பெங்களூரில் முதல் கஃபே காபி டே கடை திறக்கப்பட்டது. அதன் பிறகே கேரமல், சாக்லேட், பிரவுனி போன்ற பெயர்கள் தென்னிந்திய இளைஞர்களின் காப்பிப் பேச்சில் இடம்பெற்றன.

நமக்கு இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு இலங்கையில் உள்ளது. அங்கே ஐஸ் கோப்பி என்பது கொண்டாட்டப் பானம். கடுங்கோப்பியில் கெட்டிப்பாலும் பாலும் வெனிலாவும் சேர்த்து, சிலர் சிறிது பிராந்தியும் விட்டு, ஒரு முழு இரவு குளிரவைத்துத் திருமணத்திலும் பண்டிகையிலும் சிறு குவளைகளில் பரிமாறுவர். காப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை நாடாகிவிட்ட இடத்தில், விருந்துக்குரிய பானமாகக் காப்பி இன்றும் எஞ்சி நிற்கிறது.

பாலும் கருவிகளும் வீட்டுக்கு வந்தன

திருப்பூர் வட்டாரம் மாட்டுக்குப் பெயர் பெற்றது. காங்கேயம் காளை உழவுக்கும் வண்டிக்கும் உகந்தது. அந்த இனப் பசுக்கள் கறவையில் பெரிய அளவு தருவதில்லை. ஊத்துக்குளி வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர் பெற்ற ஊர். பாலை வெண்ணெயாக்கி விற்ற வீடுகளில் மிஞ்சியது மோர்தான். தினமும் பாலைத் தாராளமாகக் குளிர்பானத்தில் ஊற்றுவது நினைத்துப் பார்க்க முடியாதது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டமும், கூட்டுறவுப் பால் சங்கங்களும், கலப்பினக் கறவை மாடுகளும் சேர்ந்து இந்நிலையை மாற்றின. 1981இல் தமிழ்நாடு கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் இணையம் உருவாயிற்று. ஆவின் பாக்கெட் பால் எல்லாப் பருவத்திலும் கிடைக்கத் தொடங்கியது.

அடுத்தது ஃபிரிட்ஜ். கோத்ரெஜ் நிறுவனம் 1958இல் இந்தியாவில் வீட்டு ஃபிரிட்ஜ் உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அது மேல்தட்டு வீடுகளின் அடையாளமாகவே இருந்தது. ஒரு தெருவில் ஒரு வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தால், காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு ஐஸ் கட்டி கேட்டு அக்கம்பக்கத்தார் அங்கேதான் போவார்கள்.

1970களின் இறுதியில் திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி தொடங்கியது. 1990களில் அது பெருகியது. ஆண்களுடன் பெண்களும் பெருமளவில் வேலைக்கு வந்தனர். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரை வரை நீளும் நாளை இங்கே ‘ஒன்றரை ஷிப்ட்’ என்பர். சனிக்கிழமை வாரச் சம்பளம், ஞாயிறு விடுமுறை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில், மாவும் குழம்பும் கெடாமல் இருக்க ஃபிரிட்ஜ் தேவைப்பட்டது. தவணை முறையில் அது பல வீடுகளுக்கு வந்தது. ஐஸ் கட்டித் தட்டு அதனுடன் சேர்ந்து வந்த உபரி நன்மை.

மிக்சியின் கதை வேறு. 1960களில் சுமீத் மிக்சி இந்தியச் சமையலுக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது. சட்னியும் மசாலாவும் அரைக்கும் அளவு வலிமையான மோட்டார் அதில் இருந்தது. ஆயினும் ஏழை வீடுகளில் அம்மியே தொடர்ந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவற்றைப் பெற்றன. 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றிக் கிடைத்தது. இத்திட்டங்களைப் பற்றி அரசியல் விவாதங்கள் பல உண்டு. ஆனால் குளிர்காப்பியை அடித்துக் கலக்கும் கருவி எளிய வீட்டின் அடுப்பங்கரைக்கு வந்தது இந்தத் திட்டத்தால்தான் என்பதை மறுக்க முடியாது. சட்னி அரைக்க வந்த மிக்சி ஓய்வு நேரத்தில் குளிர்காப்பியும் அடித்தது.

2020: ஊரடங்கும் டல்கோனாவும்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அந்த வாரங்களில் உலகமெங்கும் பரவியது டல்கோனா காப்பி. தென்கொரிய நடிகர் ஒருவர் மக்காவ் நகரில் அருந்திய அடித்த காப்பியைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாராட்டி, அதன் சுவை கொரியாவின் டல்கோனா என்னும் சர்க்கரைப் பாகு மிட்டாயை நினைவூட்டுவதாகச் சொன்னதிலிருந்து இப்பெயர் நிலைத்தது. இனிப்புப் பண்டத்தின் பெயரையே தாங்கிய குளிர்காப்பி இது. உடனடிக் காப்பித் தூளைச் சர்க்கரையும் சிறிது நீரும் விட்டு அடித்துப் பாலில் சேர்க்கும் பழக்கம் வட இந்திய வீடுகளில் முன்பே இருந்தது. அங்கே அடித்த காப்பியைச் சூடான பாலில் கலப்பர். டல்கோனாவில் குளிர்ந்த பாலின் மேல் மிதக்கவிடுவர்.

திருப்பூரில் அந்தக் காலத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. வேலையில்லாமல் வீட்டில் இருந்த இளைஞர்கள் கைப்பேசியைப் பார்த்துக் கரண்டியால் காப்பியை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதே நகரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் கம்பெனி மூடி, சம்பளம் நின்று, ஊருக்குப் போக ரயிலை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அவர்களின் ஒற்றை அறைகளில் ஃபிரிட்ஜும் இல்லை, மிக்சியும் இல்லை. அரசின் விலையில்லாப் பொருள்கள் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை உள்ளவர்களுக்கே கிடைத்தவை. குளிர்காப்பி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நாம் எழுதும்போது, அந்த ‘எல்லா’வில் யார் இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

பனிக்கட்டி என்பது தண்ணீர்தான்

இவ்வட்டாரத்தில் பனிக்கட்டியைப் பற்றிப் பேசினால் நொய்யலைப் பற்றியும் பேச வேண்டும். சாயப் பட்டறைகளின் கழிவுநீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. அணைக்குக் கீழே கிணறுகளும் நிலங்களும் உப்பேறிக் கெட்டன. உழவர்கள் நெடுங்காலம் வழக்காடினர். 2011 ஜனவரி 28 அன்று, கழிவுநீரை வெளியேற்றாத நிலையை எட்டும் வரை சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. இப்போது கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை கட்டாயமாகியுள்ளது.

நகரின் குடிநீர் பெரும்பாலும் தொலைவில் உள்ள ஆறுகளிலிருந்து குழாய் வழியே வருகிறது. எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் என்பதே பல தெருக்களில் அன்றாடக் கேள்வி. ஆகவே வீட்டில் ஐஸ் கட்டி செய்யும்போது குடிநீரையே, காய்ச்சி ஆறவைத்தே ஊற்ற வேண்டும். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. உறைநிலையில் பல கிருமிகள் உயிரோடு இருக்கும்.

வீட்டில் செய்யும் முறை

அடிப்படைக் குளிர்காப்பி (இரண்டு குவளை): பில்டரில் 20 கிராம் காப்பித்தூள் போட்டு, 150 மில்லி கொதிநீர் ஊற்றினால் ஏறத்தாழ 100 மில்லி கெட்டி டிக்காஷன் இறங்கும். 4 தேக்கரண்டிச் சர்க்கரையை டிக்காஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த பாலில் சர்க்கரை எளிதில் கரையாது. டிக்காஷன் ஆறியபின் அதில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைக்கலாம். தண்ணீர் ஐஸ் உருகினால் பானம் நீர்த்துப்போகும். டிக்காஷன் ஐஸ் உருகினால் சுவை கூடும். காய்ச்சி ஆறவைத்து ஏடு நீக்கிக் குளிரூட்டிய பால் 300 மில்லி, மீதி டிக்காஷன், உறைந்த டிக்காஷன் கட்டிகள் ஆகியவற்றை மிக்சி ஜாரில் பாதியளவுக்கு மேற்படாமல் விட்டு அரை நிமிடம் அடித்தால் நுரையுடன் பானம் தயார். சிக்கரி கலந்த தூள் பானத்துக்குக் கெட்டித்தன்மை தரும். காப்பி–சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. உறையில் அச்சிட்ட விகிதத்தைப் பார்த்து வாங்கலாம்.

கருப்பட்டிக் குளிர்காப்பி: 40 கிராம் கருப்பட்டியை 50 மில்லி நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி ஆறவைக்க வேண்டும். சுக்குத் தூளும் ஏலத்தூளும் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். 60 மில்லி டிக்காஷனுடனும் 250 மில்லி குளிர்ந்த பாலுடனும் இதைக் கலக்க வேண்டும். கொதிக்கும் பாலில் கருப்பட்டியைப் போட்டால் பால் திரிந்துபோவது உண்டு. இரண்டும் ஆறியபின் கலப்பதால் இந்தத் தொல்லை குறைகிறது.

பால்கோவா காப்பி: இரண்டு மேசைக்கரண்டிப் பால்கோவாவை வெதுவெதுப்பான டிக்காஷனில் மசித்துக் கரைத்து, குளிர்ந்த பால் சேர்த்து அடிக்க வேண்டும். பால்கோவாவில் சர்க்கரை இருப்பதால் தனியே இனிப்பு தேவையில்லை.

சேமியா பாயசக் காப்பி: பண்டிகை நாளில் மிஞ்சிய சேமியா பாயசத்தை ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் குவளையின் அடியில் மூன்று கரண்டி போட்டு, மேலே சர்க்கரையில்லாக் குளிர்காப்பியை ஊற்றினால் பழைய சேமியா ஐஸ் நினைவுக்கு வரும். பாயசத்துக்குப் பதிலாக, இரவு முழுதும் ஊறவைத்த பாதாம் பிசினைப் போட்டால் ஜிகர்தண்டாவின் சாயல் கிடைக்கும்.

தேங்காய்ப் பால் காப்பி: பால் ஒவ்வாதவர்களுக்கு உகந்தது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காயிலிருந்து எடுத்த இரண்டாம் பாலைக் குளிரவைத்து, நாட்டுச் சர்க்கரை கரைத்த டிக்காஷனுடன் கலக்கலாம். நீண்ட நேரம் வைக்கக்கூடாது. தேங்காய்ப் பால் விரைவில் புளித்துவிடும்.

டல்கோனா முறை: உடனடிக் காப்பித் தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றிலும் இரண்டிரண்டு கரண்டி எடுத்து, நிறம் வெளுத்துக் கெட்டியாகும் வரை அடித்து, குளிர்ந்த பாலின் மேல் பரப்ப வேண்டும். பில்டர் டிக்காஷனில் இந்த நுரை நிற்காது. டிக்காஷனில் நீர் அதிகம். காப்பி எண்ணெயும் இருப்பதால் நுரை தாங்குவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் தேவை. குளிர்ந்த பொருளில் இனிப்பு நாவுக்குக் குறைவாகத் தெரியும். ஆகவே கை தாராளமாகச் சர்க்கரையை அள்ளும். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், அதாவது வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஐஸ்கிரீமும் பாகும் சேர்ந்த பெரிய குவளை ஒன்றே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளுக்குக் காப்பியைத் தவிர்த்து, அதே முறையில் கருப்பட்டிப் பாலாகச் செய்து கொடுக்கலாம்.

தொகுப்புரை

காப்பி மலையிலிருந்து கப்பலுக்குப் போய், பிறகே சமவெளிக்குத் திரும்பியது. பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து சென்னைக் கடற்கரைக்கு வந்து, மின்சாரத்தின் வழியே உள்ளூர்ப் பொருளாயிற்று. பாலைக் கூட்டுறவுச் சங்கங்கள் பெருக்கின. ஃபிரிட்ஜை ஒன்றரை ஷிப்ட் உழைப்பும், மிக்சியை அரசுத் திட்டமும் வீட்டுக்குக் கொண்டுவந்தன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்தக் குவளை நிறையாது.

வீட்டில் பழைய காப்பி பில்டர், முதல் மிக்சி, தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜ் ஆகியவை எந்த ஆண்டு, எப்படி வந்தன என்று மாணவர்கள் தம் பாட்டிமாரிடமும் பக்கத்து அறைத் தொழிலாளரிடமும் கேட்டுக் குறித்து வைக்கலாம். பின்னலாடை நகரத்தின் ஏற்றுமதிக் கணக்கு அரசு ஆவணங்களில் இருக்கிறது. அதை ஈட்டிய வீடுகளின் அடுப்பங்கரைக் கணக்கை இனிமேல்தான் எழுத வேண்டும்.